மண்ணுக்குள்ளே தூரிகை, மண்ணுக்கு மேலே கடப்பாரை

ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம் இருக்கிறது. சுற்றுவட்டாரமெல்லாம் மோட்டார்த் தொழிற்சாலைகள்; பொழுது விடிந்தால் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள். 2022-ம் ஆண்டில் இந்தக் கிராமத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. மத்திய சர்க்காரின் தொல்பொருள் இலாகா அங்கே குழி தோண்டிப் பார்த்தது. ஆதி மனிதன் செதுக்கிய கற்கருவிகள் கிடைத்தன. சங்க காலத்துக் கட்டடத்தின் சுவடுகள் தென்பட்டன. ரோமாபுரியோடு நடந்த வியாபாரத்தைக் காட்டும் சாடிகளின் ஓடுகளும் அகப்பட்டன. உத்தியோகஸ்தர்கள் மண்ணைத் தூரிகையால் துடைத்தார்கள், ஒவ்வொரு செங்கல்லையும் அளந்தார்கள், படம் எடுத்தார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சியான விஷயம்தான்.

ஆனால் இதே வட்டாரத்தில், இதே ஆண்டுகளில், வேறொரு காரியமும் நடந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. மண்ணுக்குள் இருக்கும் கட்டடத்துக்குத் தூரிகை. மண்ணுக்கு மேலே நிற்கும் கட்டடத்துக்குக் கடப்பாரை. நம்முடைய பாட்டனார் காலத்தில், அதாவது 1930 முதல் 1960 வரையுள்ள முப்பது ஆண்டுகளில் எழுந்த கடைக் கட்டடங்கள் சென்னையிலும் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் சீமையின் கடைத்தெருக்களிலும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. இடிப்பதற்கு முன்னால் அவற்றை யாரும் அளப்பதில்லை; படம் எடுப்பதும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இங்கே கடை வைத்திருந்தவன் யாரோடு வியாபாரம் செய்தான் என்று அறியப் பாடுபடுகிறோம். எழுபது ஆண்டுக்கு முன் கடை வைத்திருந்தவனின் கடை எப்படி இருந்தது என்று நம் பேரன் கேட்டால் என்ன சொல்லப் போகிறோம்?

இது என்ன பாணி?

இந்தக் கட்டடங்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பெயர்தான் பலருக்குத் தெரியாது. தெருமுனையில் கூர்மையாக வெட்டாமல் வளைந்து திரும்பும் சுவர். ஒவ்வொரு மாடிக்கும் ஒன்றாக, ஜன்னல்களுக்கு மேலே கட்டடம் முழுவதும் ஓடும் சன்ஷேடு. சுவரில் அடுத்தடுத்து இழுத்த மூன்று பூச்சு வரிகள். கப்பலில் இருப்பது போல ஒரு வட்ட ஜன்னல். நடுவில் படிப்படியாக உயர்ந்து செல்லும் ஒரு கோபுரம் போன்ற பகுதி. அதன் உச்சியில் கொடிக் கம்பம். கைப்பிடிச் சுவரில் உதயசூரியன் கதிர் விரிப்பது போலச் சிமெண்டு வேலை. அதற்குக் கீழே கட்டடத்தின் பெயரும் ஆண்டும்.

மேல்நாட்டில் இதை 'ஆர்ட் டெக்கோ' என்றும், 'மாடர்ன்' பாணி என்றும் சொல்வார்கள். 1925-ல் பாரிஸ் நகரத்தில் அலங்காரக் கலைகளுக்கென்று ஒரு சர்வதேசப் பொருட்காட்சி நடந்தது. அதிலிருந்து உலகெங்கும் பரவிய ரசனை இது. 'ஆர்ட் டெக்கோ' என்ற பெயர் பிரபலமானது 1960-களின் கடைசியில்தான். கட்டியவர்கள் இதை 'நவீன மோஸ்தர்' என்று மட்டுமே எண்ணினார்கள். ரயில் எஞ்சின், ஆகாய விமானம், பெரிய பிரயாணக் கப்பல் இவை மூன்றும் அந்தக் காலத்து மனிதனின் மனத்தைக் கவர்ந்தவை. வேகத்துக்கு அடையாளமான அவற்றின் வளைவும் வரியும் அசையாமல் நிற்கும் கட்டடத்தின் மேல் வந்து உட்கார்ந்தன.

இந்தப் பாணி நமக்கு முக்கியமாவதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. அதற்கு முன் சென்னையில் பெரிய கட்டடம் என்றால் ஹைகோர்ட்டைப் போல மொகலாயக் கவிகையும் மேல்நாட்டு வளைவும் கலந்ததாக இருக்கும். அல்லது கிரேக்கத் தூண்கள் வைத்ததாக இருக்கும். இரண்டும் ஆளுகிறவர்களின் கட்டடங்கள். புதிய பாணியோ வியாபாரிகளின் பாணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியும், பாங்கும், சினிமாக் கொட்டகையும், ஹோட்டலும், ஜவுளிக் கடையும் தேர்ந்தெடுத்தது. ராஜாவுக்கும் கவர்னருக்கும் சம்பந்தம் இல்லாத முதல் பெரிய கட்டடக் கலை இது என்று சொன்னாலும் தவறில்லை.

ஒரு முனையின் கதை

சென்னையில் பஸ் ஏறிப் 'பாரீஸ்' என்று டிக்கெட் கேட்கிறவர்கள் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள். அந்தப் பெயர் பிரெஞ்சு தேசத்துத் தலைநகரத்தின் பெயர் அல்ல; ஒரு வியாபாரியின் பெயர். தாமஸ் பாரி என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் 1788-ல் சென்னைக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். 1803-ல் கடற்கரை ஓரமாக இந்த முனையிலுள்ள மனையை வாங்கினார். அப்போது கடல் வெகு அருகில் இருந்தது. பிற்காலத்தில் துறைமுகம் கட்டிய பிறகே அலை தள்ளிப் போயிற்று. 1819-ல் ஜான் வில்லியம் டேர் என்ற கப்பல்காரர் கம்பெனியில் சேர்ந்தார். 1824-ல் பாரி காலரா கண்டு இறந்தார். ஆனால் அவர் பெயர் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

1938-க்கும் 1940-க்கும் இடையே பழைய கட்டடத்தின் இடத்தில் இப்போதுள்ள புதிய கட்டடம் எழுந்தது. அதற்குப் பங்காளியின் பெயரை வைத்து 'டேர் ஹவுஸ்' என்றார்கள். முனைக்கு ஒருவர் பெயர், மாளிகைக்கு மற்றொருவர் பெயர்! யுத்தம் மூண்ட சமயத்தில் முடிந்த இந்தக் கட்டடம், முன்னாள் சைனா பஜாரான நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையும் கடற்கரைச் சாலையும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது. முனையில் உயர்ந்து, இரண்டு வீதிகளின் பக்கமும் தன் நீண்ட முகங்களைத் திருப்பியிருக்கிறது. சிற்பம் இல்லை, கவிகை இல்லை. வரியும் தளமும் அளவுமே அலங்காரம்.

பிறகு நடந்ததும் சுவையான சரித்திரம். 1981-ல் பாரி கம்பெனியை முருகப்பா குழுமத்தார் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய முன்னோர் பள்ளத்தூரிலிருந்து பர்மாவுக்குச் சென்று வட்டிக்கடை நடத்திய நகரத்தார். வேல்ஸ்காரர் தொடங்கிய கம்பெனியின் மாளிகை இன்று அந்தக் குழுமத்தின் தலைமையிடமாக இருக்கிறது. கட்டடத்தை இடித்து மாற்றவில்லை, பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பழைய வியாபாரக் கட்டடத்தைக் காப்பாற்ற மிகச் சிறந்த வழி அதில் வியாபாரம் நடத்துவதுதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டிய வீதி

டேர் ஹவுஸிலிருந்து ஹைகோர்ட்டைப் பார்த்தவாறு நடந்தால் வேறு சில பெரிய கட்டடங்களைக் காணலாம். அவற்றுள் பம்பாய் மியூச்சுவல் கட்டடம் 1955-ஐச் சேர்ந்தது. அதை வடிவமைத்தவர் எல். எம். சித்தாலே. 1932 முதல் சென்னையில் தொழில் நடத்திய அவர், இந்தப் பாணியை இங்கே வேரூன்றச் செய்த இந்தியச் சிற்பிகளுள் முதன்மையானவர்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏன் இப்படிக் கட்டடம் கட்டின? அந்தத் தொழிலில் விற்கும் சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. இன்று பணம் கட்டுகிறவனுக்கு முப்பது ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுப்போம் என்ற நம்பிக்கையைத்தான் கம்பெனி விற்கிறது. நம்பிக்கையைக் காட்டுவதற்குத் தெருவில் ஒரு பலமான கட்டடம் வேண்டும். அதுவும் சுதேசிக் கம்பெனியாக இருந்தால், வெள்ளைக்காரக் கம்பெனிக்கு நாங்கள் இளைத்தவர்கள் அல்ல என்று காட்ட வேண்டும். அந்தப் போட்டியில் நகரம் அழகு பெற்றது.

1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசிய மயமாயிற்று. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒரே கார்ப்பரேஷனாயின. அவற்றின் கட்டடங்களும் சேர்ந்தே வந்தன. யுனைடெட் இந்தியா கம்பெனிக்காக எம். சி. டி. எம். சிதம்பரம் செட்டியார் மவுண்ட் ரோடில் தொடங்கிய உயர்ந்த கட்டடம், 1954-ல் அவர் விமான விபத்தில் மறைந்த பிறகு, எல். ஐ. சி. கட்டடமாக 1959-ல் திறக்கப்பட்டது. அதை முடித்துக் கொடுத்தவரும் சித்தாலேதான். வளைவும் வரியும் நிறைந்த பாணியின் காலம் அந்த உயர்ந்த பெட்டி வடிவத்தோடு முடிந்தது என்று சொல்லலாம்.

கடைத்தெருவுக்கு வந்த கதை

மாளிகைகளின் கதை இது. ஆனால் இந்தப் பாணியின் உண்மையான வெற்றி சிறு கடைத்தெருக்களில் கிடைத்தது. சித்தாலேயைப் போன்ற படித்த சிற்பிகள் அங்கே வரவில்லை. பட்டணத்துக்குப் போய் வந்த கடைக்காரர் ஒருவர், 'நமக்கும் அது மாதிரி முகப்பு வேண்டும்' என்று கேட்டார். ஊர் மேஸ்திரி கட்டிக் கொடுத்தார்.

அதைச் சாத்தியமாக்கியது சிமெண்டு. பழைய முறையில் தேக்கு உத்தரத்தின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு அரைத்துப் போட்டு மெட்ராஸ் தளம் ஒட்டுவார்கள். அந்த முறையில் சுவரை விட்டு வெளியே மூன்றடி நீளும் சன்ஷேடு போடுவது கஷ்டம். வளைந்து திரும்பும் பால்கனி போடுவது அதைவிடக் கஷ்டம். கம்பி கட்டிச் சிமெண்டுக் கலவை கொட்டினால் இரண்டும் எளிது. 1939-ல் டால்மியாபுரத்திலும், 1949-ல் திருநெல்வேலித் தாழையூத்திலும் சிமெண்டு ஆலைகள் உற்பத்தி தொடங்கியது இந்தப் பாணியின் சரித்திரத்தில் பாரிஸ் பொருட்காட்சிக்குக் குறையாத சம்பவம்.

ஆனாலும் சிமெண்டு தாராளமாகக் கிடைத்துவிடவில்லை. யுத்த காலத்தில் வந்த கட்டுப்பாடு வெகு காலம் நீடித்தது. 1982-ல்தான் ஓரளவு தளர்ந்தது, 1989-ல்தான் முழுவதும் நீங்கியது. பர்மிட் வாங்கி எண்ணி எண்ணி மூட்டை எடுத்த காலம் அது. ஆகவே கடைக்காரர்கள் சிமெண்டைத் தெருப் பக்கத்து முகப்புக்குச் செலவிட்டார்கள்; பின்கட்டில் பழைய சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் அப்படியே இருந்தன. முன்னால் கப்பல், பின்னால் கொட்டகை! இதைக் கேலியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்த பொருளில் தெருவுக்கு ஒரு நல்ல முகத்தைக் கொடுக்க வேண்டும் என்ற மரியாதை அதில் இருக்கிறது.

கைப்பிடிச் சுவரில் மேஸ்திரிகள் வைத்த அலங்காரத்தையும் கவனிக்க வேண்டும். 1947-ஐ ஒட்டி எழுந்த கடைகள் பலவற்றில் காந்திஜியும், ராட்டையும், கொடி ஏந்திய பாரத மாதாவும், 'ஜெய் ஹிந்த்' என்ற எழுத்தும் சுதையில் நிற்கும். பக்கத்துக் கடையில் லட்சுமியும் இரண்டு யானைகளும் இருக்கும். பாரிஸ் நகரத்துச் சூரியக் கதிருக்கு நடுவில் நம் ஊர் மகாலட்சுமி! இப்படி ஒரு சேர்க்கை நியூயார்க்கிலும் கிடையாது, லண்டனிலும் கிடையாது.

கீழே கடை, மேலே குடும்பம், அல்லது வக்கீல் ஆபீஸ், அல்லது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், அல்லது படிப்பகம். ஒரு சிறு ஊரின் பொது வாழ்க்கை முழுவதும் அந்தக் குறுகலான மாடிப் படிகளில் ஏறி இறங்கியது என்பது மிகையாகாது.

வெயிலுக்கு ஏற்றதா?

மேல்நாட்டுப் பாணி நம் வெயிலுக்கு ஒத்து வருமா என்ற கேள்வி எழலாம். ஒத்து வந்தது என்பதே பதில். தொடர்ச்சியாக ஓடும் சன்ஷேடு உச்சி வெயிலையும் ஐப்பசி மழையையும் சுவரில் படாமல் தடுத்தது. கீழே நடப்பவனுக்கும் நிழல் கொடுத்தது. உயர்ந்த கூரையும், கூரைக்குக் கீழே வெண்டிலேட்டரும் சூட்டை வெளியேற்றின. மொசைக் தரை காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

இன்று அதே இடத்தில் எழுகின்ற கட்டடங்களைப் பார்க்க வேண்டும். முகப்பு முழுவதும் கண்ணாடியும் அலுமினியப் பலகையும். ஜன்னல் திறக்காது. மேற்கு வெயிலைக் கண்ணாடி உள்ளே வாங்கிக்கொள்கிறது. அதை வெளியே தள்ள ஏர்கண்டிஷன் ஓடுகிறது. அது கக்கும் சூடு தெருவில் நடப்பவன் முகத்தில் அடிக்கிறது. மின்சாரக் கட்டணத்தைக் கணக்கிட்டால் பாட்டனார் கட்டிய சன்ஷேடு எவ்வளவு லாபமானது என்று விளங்கும்.

ஏன் மறைகின்றன?

யாரோ பணத்தாசை பிடித்தவர்கள் இடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதல்ல. காரணங்கள் நான்கு.

முதலாவது, வாடகைச் சட்டம். 1960-ம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவனைப் பாதுகாக்க வந்தது. அது அவசியமாகவும் இருந்தது. ஆனால் பல கடைகளில் வாடகை ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் நின்றது. வெள்ளையடிக்கும் செலவுக்குக்கூட வாடகை காணாதபோது சொந்தக்காரர் எதற்காகப் பழுது பார்ப்பார்? அதோடு, இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொன்னால் குடியிருப்பவனை வெளியேற்ற அந்தச் சட்டம் வழி வைத்திருந்தது. ஆகவே கட்டடத்தைப் பேணுகிறவனுக்கு நஷ்டம், இடிப்பவனுக்கு லாபம் என்று ஆயிற்று. 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. அதற்குள் பல கட்டடங்களுக்கு அறுபது ஆண்டு அலட்சியத்தின் வியாதி முற்றிவிட்டது.

இரண்டாவது, அந்த வியாதியே. ஆரம்ப காலத்துச் சிமெண்டு வேலையில் கம்பிக்கு மேல் பூச்சு மெலிதாக இருந்தது. காற்றும் ஈரமும் உள்ளே புகுந்தால் கம்பி துருப் பிடிக்கும். துருப் பிடித்த கம்பி பருக்கும். பருத்தால் மேலுள்ள கலவையை உதறித் தள்ளும். கடற்காற்று வீசும் சென்னையில் இது சீக்கிரம் நடக்கும். முதலில் விழுவது சன்ஷேடும் பால்கனியுமாகும். இந்தப் பாணியின் அழகே அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, சாலை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி 1990-களில் வந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான் ஆலை தொடங்கியது. கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளுக்குப் பழைய சாலை போதாது. அகலப்படுத்தியே ஆக வேண்டும். ஆனால் சாலையை அகலப்படுத்தும்போது சாலையோரக் கடைகளில் போவது முதல் பத்தடி. கோயிலில் கர்ப்பக்கிருகம் உள்ளே இருக்கும். கடைக் கட்டடத்திலோ சிறப்பெல்லாம் அந்த முதல் பத்தடியில்தான். மிச்சம் நிற்பது முகமில்லாத உடல்.

நான்காவது, நிலத்தின் விலை. இன்றைய கட்டட விதிகள் மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளம் கட்டப் பொதுவாக அனுமதிக்கின்றன. உயர்ந்த கட்டடங்களுக்கு அதைவிட அதிகம். ஒரே ஒரு மாடியுள்ள பழைய கடையை வைத்திருப்பவருக்கு, அனுமதித்ததில் ஒரு பங்கு சும்மா கிடப்பதாகத் தோன்றுகிறது. அண்ணன் தம்பி நான்கு பேர் பாகம் பிரிக்கும்போது அந்தக் கணக்கே மேலோங்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எழும்பூரில் 1954-ல் எழுந்த தாசப்பிரகாஷ் ஹோட்டல் ஒரு காலத்தில் சென்னையின் பெருமை. இன்று அந்தக் கட்டடம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சர்க்காரின் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கட்டடம் புராதனச் சின்னம் ஆக வேண்டுமானால் அதற்குக் குறைந்தது நூறு வயது ஆக வேண்டும். கணக்குப் பார்க்கலாம். டேர் ஹவுஸுக்கு 2040-ல்தான் நூறு ஆகும். பம்பாய் மியூச்சுவலுக்கு 2055-ல். கடைத்தெருவில் உள்ளவற்றுக்கும் ஏறக்குறைய அப்படியே. கைவிடப்பட்ட கட்டடம் எண்பது வயதில் விழுந்துவிடும்; பாதுகாப்பு நூறு வயதில் வரும். நடுவிலுள்ள இருபது ஆண்டைத் தாண்டுகிறவை எத்தனை?

நூறு வயது வரம்பு இல்லாத வழியும் உண்டு. சென்னையில் ஹைகோர்ட் நியமித்த நீதிபதி பத்மநாபன் கமிட்டி 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. 2010-ம் ஆண்டுத் தீர்ப்பு அந்தப் பட்டியலுக்குப் பலம் கொடுத்தது. 2012-ல் தமிழ்நாடு சட்டசபை பாரம்பரிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. பட்டியல்களில் கோட்டையும், கோர்ட்டும், காலேஜும், சர்ச்சும் எளிதில் இடம் பெறுகின்றன. மளிகைக் கடைக்கு மேலே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடந்த வளைந்த முனைக் கட்டடத்தை யார் எழுதப் போகிறார்கள்? அதுவும் பட்டணத்துக்கு வெளியே உள்ள ஊர்களில்? 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் உள்ளே வந்துவிட்டது. பட்டணத்தின் விதிகள் வருவது போலப் பட்டணத்தின் பாரம்பரியப் பட்டியலும் வர வேண்டாமா?

மற்ற ஊர்களில்

இதெல்லாம் நடக்கக்கூடியதா என்று கேட்பவர்கள் மற்ற ஊர்களைப் பார்க்கலாம். நியூஸிலாந்தில் நேப்பியர் என்ற ஊர் 1931-ல் பூகம்பத்தில் நாசமாயிற்று. இந்தப் பாணியிலேயே மறுபடி கட்டப்பட்ட அதன் கடைத்தெருவைப் பார்க்கவே இன்று உலகெங்குமிருந்து பிரயாணிகள் வருகிறார்கள். அமெரிக்காவில் மியாமி கடற்கரையிலுள்ள இத்தகைய கட்டடங்களை 1979-லேயே தேசியப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அப்போது அவற்றுக்கு ஐம்பது வயதுகூட முழுதாக ஆகவில்லை. நம்மவர்கள் நன்கு அறிந்த சிங்கப்பூரில், 1930-களில் கட்டத் தொடங்கிய தியோங் பாரு குடியிருப்பின் இருபது பிளாக்குகளுக்கு 2003-ல் பாதுகாப்புக் கொடுத்தார்கள். கீழே கடை, மேலே வீடு என்ற வாழ்க்கை அங்கே தொடர்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? பம்பாயில் 1995-லேயே பாரம்பரியக் கட்டட விதிகள் வந்துவிட்டன. 2018-ல் அந்த நகரத்தின் விக்டோரியா காலக் கட்டடங்களையும் மெரைன் டிரைவ் பக்கத்து ஆர்ட் டெக்கோ கட்டடங்களையும் சேர்த்து 94 கட்டடங்கள் அடங்கிய பகுதியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. அவற்றுள் பெரும்பாலான டெக்கோ கட்டடங்கள் அரண்மனையும் அல்ல, ஆலயமும் அல்ல; ஜனங்கள் குடியிருக்கும் பிளாட்டுகளும் சினிமாக் கொட்டகைகளுமாகும். நகரத்துக் குடிமக்கள் பல ஆண்டு வீடு வீடாகச் சென்று குறிப்பெடுத்ததன் பலன் அது.

செய்யக் கூடியது என்ன?

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கம்பி முழுதும் அரித்துத் தலைமேல் விழக் காத்திருக்கும் பால்கனியை அழகுக்காக விட்டுவைப்பது பாபம். சொந்தக்காரருடைய கையைக் கட்டிவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொள்வதும் நியாயம் ஆகாது. இவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் செய்யத்தக்கவை மூன்று உள்ளன.

முதலில் கணக்கெடுப்பு. ஒவ்வொரு ஊரின் கடைத்தெருவிலும் இத்தகைய கட்டடங்கள் எத்தனை, கைப்பிடிச் சுவரில் உள்ள ஆண்டு என்ன, யாருக்காக எழுந்தது என்று எழுதி ஒரு படமும் எடுத்து வைக்கலாம். கட்டடக் கலை பயிலும் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கும் வேலை. இடிக்க அனுமதி கேட்டு மனு வரும்போது, அளந்து படம் எடுத்த பிறகே அனுமதி என்று ஒரு விதி வைத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இரண்டாவது, ஈடு. முகப்பைக் காப்பாற்றுகிற சொந்தக்காரர் தன் மனையில் கட்டாமல் விட்ட தளப் பரப்பை வேறு இடத்துக்கு விற்றுக்கொள்ள உரிமை கொடுக்கலாம். பம்பாயில் இந்த ஏற்பாடு உண்டு. சொத்து வரியில் சலுகை தரலாம். பேணுகிறவனுக்கு லாபம் என்று ஆனால் யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது, பழுது பார்க்கும் கலை. துருப் பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து, புதுக் கம்பி இணைத்து, பழைய வளைவு கெடாமல் பூசத் தெரிந்த கொத்தனார் இன்று அபூர்வம். மோட்டார்த் தொழிற்சாலைகளுக்காக ஐ. டி. ஐ.-களில் இத்தனை பயிற்சிகள் நடக்கும் இந்த வட்டாரத்தில் இதற்கும் ஒரு வகுப்பு வைத்தால் பல பேருக்குப் பிழைப்பாகும். இன்று ஊர் ஊராக எழும் கான்கிரீட் வீடுகள் அத்தனையும் நாற்பது ஆண்டு கழித்து இதே வைத்தியரைத்தான் தேடப் போகின்றன.

ஒரு தேசத்தின் சரித்திரம் கற்காலத்தோடு முடிந்துவிடுவதில்லை, சோழரோடும் முடிந்துவிடுவதில்லை. பர்மிட் வாங்கிய பத்து மூட்டை சிமெண்டில், தெருவைப் பார்த்து ஒரு சூரியனை உதிக்கச் செய்த கடைக்காரரும் அந்தச் சரித்திரத்தில் ஒருவர். அவருடைய சூரியன் இன்னும் பல கடைத்தெருக்களில் கைப்பிடிச் சுவரின் மேல் நிற்கிறது. அடுத்த சாலை விஸ்தரிப்புக்கான அளவுக் கற்களை நடுவதற்கு முன்னால், ஒரு முறை தலை நிமிர்ந்து அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ள அதிகச் செலவு ஆகாது.